விடிய விடிய ஆடிய இடங்கள்: இங்கிலாந்தில் ஒரு ரேவ் பயணம்

வியாழன், டால்ஸ்டன்

கிழக்கு லண்டனில் டால்ஸ்டன் ஜங்ஷன் ஸ்டேஷனை ஒட்டி உயரமான அடுக்குமாடிக் குடியிருப்புகள். தரைத்தளத்தில் ஒரு நூலகம், டிரினிடாட்டில் பிறந்த சி.எல்.ஆர். ஜேம்ஸ் பெயரில். பள்ளி விட்டு வந்த பிள்ளைகள் உள்ளே வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தார்கள். இந்த இடத்தில்தான் ஃபோர் ஏசஸ் கிளப் இருந்தது.

1966இல் நியூட்டன் டன்பார் தொடங்கியது. கரீபியத் தீவுகளிலிருந்து வந்த கறுப்பின இளைஞர்களை நகரத்தின் மற்ற கிளப்புகள் வாசலிலேயே திருப்பி அனுப்பிய காலம் அது. கட்டடம் இன்னும் பழையது. 1886இல் சர்க்கஸ் கொட்டகையாகக் கட்டி, நாடகக் கொட்டகையாகி, சினிமா தியேட்டராகி, கடைசியில் ஜமைக்காவின் ரெக்கே இசைக்கு வந்து சேர்ந்தது. 1990 வாக்கில் அங்கே லாபிரிந்த் என்ற பெயரில் ரேவ் இரவுகள், அதாவது மின்னணு இசைக்கு விடிய விடிய ஆடும் இரவுகள், ஆரம்பித்தன. பிராடிஜி இசைக்குழு மேடையேறிய ஆரம்ப நிகழ்ச்சிகளில் ஒன்று இங்கே நடந்தது. 2007இல் கட்டடத்தை இடித்துவிட்டார்கள்.

சென்னையில் ஹெட்போனில் பல வருடமாகக் கேட்டுவரும் இசை இது. 1990க்கும் 1993க்கும் நடுவில் இங்கிலாந்தில் பிறந்த ஹார்ட்கோர். உடைந்து உடைந்து ஓடும் டிரம்ஸ், அடிவயிற்றில் இறங்கும் பேஸ், கீச்சென்று வேகம் கூட்டிய பெண் குரல், நடுவே மழை பெய்தது போலப் பியானோ. இதைப் பற்றி எழுதும் பலர், ஹவுஸும் டெக்னோவும் பிறந்த அமெரிக்க நகரங்களான சிகாகோ, டெட்ராய்ட் என்று தொடங்குவார்கள். அதுவும் சரிதான். ஆனால் அந்த பேஸ் எங்கிருந்து வந்தது என்பதற்குப் பதில் டால்ஸ்டனில் இருக்கிறது. சவுண்ட் சிஸ்டம், அதாவது இடம்விட்டு இடம் கொண்டுபோகும் பெரிய ஒலிபெருக்கித் தொகுதி, வைத்திருந்த ஜமைக்காக்காரர்கள் ஒட்டுப்பலகையில் ஆளுயரப் பெட்டி செய்து, ஆம்ப்ளிஃபயரைத் தாங்களே கட்டி, எவன் பெட்டி அதிகம் அதிர்கிறது என்று போட்டி போட்டார்கள். அந்தப் பெட்டிகளின் முன் வளர்ந்த பிள்ளைகள்தான் கறுப்பும் வெள்ளையுமாகச் சேர்ந்து ஹார்ட்கோரைச் செய்தார்கள். அந்தக் கடனை முதலில் சொல்லிவிட வேண்டும் என்பதால்தான் பயணத்தை இங்கிருந்து தொடங்குகிறேன்.

வெள்ளி, ஹாக்னி

பழைய இசைத்தட்டுக் கடை ஒன்றில் காலை முழுக்கப் போயிற்று. கடைக்கார அம்மாவுக்கு ஐம்பத்தைந்து இருக்கும். என்ன வேண்டும் என்றார். 1992 என்றேன். சிரித்துக்கொண்டே, 1969இல் இருந்து ஆரம்பிப்போம் என்று ஒரு சின்னத் தட்டை எடுத்து வைத்தார்.

அமெரிக்காவின் வின்ஸ்டன்ஸ் குழு வெளியிட்ட 'அமென், பிரதர்'. பாட்டின் நடுவே மற்ற வாத்தியங்கள் ஒதுங்க, கிரிகரி கோல்மன் தனியாக நான்கு சுற்று டிரம்ஸ் வாசிக்கிறார். ஆறேழு விநாடி, அவ்வளவுதான். பிறகு அடுத்த தட்டு, அதற்கடுத்தது, எல்லாம் 1991, 92இல் லண்டன்காரர்கள் செய்தவை. எல்லாவற்றிலும் அதே கோல்மன். வேகம் கூட்டி, துண்டு துண்டாக வெட்டி, முன்பின்னாக அடுக்கி. ஒன்றில் ஸ்னேர் டிரம்மின் அடி மட்டும் நான்கு முறை தடுக்கித் தடுக்கி விழுகிறது. அதைக் கேட்டதும் அம்மாவின் வலது தோள் தானாக எழும்பியது.

வேலை நடந்த விதத்தையும் அவரே விளக்கினார். அகாய் எஸ்950 என்ற சாம்ப்ளர், ஒலித்துண்டுகளைப் பதிந்து திரும்ப வாசிக்கும் கருவி. அதன் நினைவகம் வாங்கும்போது 750 கிலோபைட்தான். இன்று போனில் எடுக்கும் ஒரு படத்துக்குக்கூடப் போதாது. அதனால் 33 வேகத்தில் ஓட வேண்டிய தட்டை 45இல் ஓட்டிப் பதிவார்கள். ஒலி குறைந்த நேரத்தில் முடிந்துவிடும், இடம் மிச்சம். பிறகு கருவிக்குள் சுருதியை இறக்கிக்கொள்ளலாம். இறக்கும்போது ஒரு மணல் சேரும். அந்த மணல்தான் இன்றைக்கு லட்சக்கணக்கில் செலவழித்துக் கணினியில் கொண்டுவரப் பார்க்கும் ஒலி. இறக்காமல் அப்படியே விட்டவர்களும் உண்டு. கீச்சுக் குரல்களில் பாதி அப்படி வந்தவை. 1988இல் நிமிடத்துக்கு 120, 125 அடி ஓடிய இசை 1992இல் 150ஐத் தொட்டது.

கோல்மனுக்கு இதில் ஒரு காசும் கிடைக்கவில்லை. 2006இல் அட்லாண்டாவில் வறுமையில் இறந்தார். குழுத் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சருக்கு 2015இல் ரசிகர்கள் இணையத்தில் திரட்டிய 24,000 பவுண்டு போய்ச் சேர்ந்தது. ஆயிரக்கணக்கான தட்டுகளுக்கு முதுகெலும்பு கொடுத்த மனிதன் வீடில்லாமல் செத்தான் என்பது இந்த இசையை உயிராக நேசிக்கிற எங்களுக்கெல்லாம் மாறாத அவமானம்.

மாலையில் அடுக்குமாடிகளைப் பார்த்துக்கொண்டு நடந்தேன். 1991இல் கூல் எஃப்எம் இந்தப் பகுதியில்தான் தொடங்கியது, உரிமம் இல்லாமல். மொட்டைமாடியில் ஆன்டெனா, ஸ்டுடியோ வேறொரு கட்டடத்தில். அதிகாரிகள் வந்து டிரான்ஸ்மிட்டரைப் பிடுங்கிக்கொண்டு போனாலும் பேசியவர்கள் தப்பிக்க அந்த ஏற்பாடு. எந்த வார இறுதியில் எங்கே ஆட்டம் என்ற தகவல் இப்படிப்பட்ட நிலையங்கள் வழியாகத்தான் ஊருக்குப் போனது.

சனி, எம்25

லண்டனைச் சுற்றி ஓடும் எம்25 நெடுஞ்சாலை 1986இல் முழுதாகத் திறந்தது. இரண்டு மூன்று வருடத்தில் ரேவ் நடத்தியவர்களுக்கு அதுவே பெரிய வசதியாகிவிட்டது. எங்கே நடக்கிறது என்பதைக் கடைசி நேரம்வரை சொல்லமாட்டார்கள். டிக்கெட்டில் ஒரு தொலைபேசி எண் மட்டும் இருக்கும். இரவு வந்ததும் அந்த எண்ணில் பதிவு செய்த குரல் ஒன்று, இந்த இடத்தில் திரும்புங்கள் என்று சொல்லும். போலீசுக்குத் தெரிவதற்குள் ஆயிரக்கணக்கானவர்கள் உள்ளே வந்துவிட்டால், பிறகு கலைப்பது ஆபத்து என்று விட்டுவிடுவார்கள்.

இன்று காரை ஓட்டியவர் நண்பர் வழியாகப் பழக்கமான யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர். 1986இல் அகதியாக வந்தவர். லண்டனுக்கு வடக்கே ஒரு பெட்ரோல் நிலையத்தில் இரவு வேலை பார்த்தார். நான் எதைத் தேடி வந்திருக்கிறேன் என்று சொன்னதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"எண்பத்தொன்பதாம் ஆண்டு கோடை. சனி இரவு பன்னிரண்டு மணிக்குப் பிறகு கார் மேல கார் வரும் தம்பி. எல்லாம் சின்னப் பிள்ளையள். பெற்றோல் அடிக்க முதலே ரெலிபோன் பெட்டிக்கு ஓடுவினம். ஒருத்தன் உள்ளுக்க நிண்டு கேப்பான், மற்றவன் வெளியில வரைபடத்தை விரிச்சு வச்சிருப்பான். கேட்டு முடிஞ்ச உடன ஒரு கத்து. அவ்வளவு காரும் ஒரே பக்கம் பறக்கும்."

என்ன வாங்குவார்கள் என்று கேட்டேன்.

"தண்ணிப் போத்தல், சுவிங்கம், சிகரெட். அப்ப நான் வாறவனை எல்லாம் கண்ணாடிக்குப் பின்னால இருந்துதான் பாப்பன், பயம். வெள்ளியில குடிச்சுப்போட்டு வாறவங்கள் என்னைத் தூசணத்தில பேசுவாங்கள். இவையள் கண்ணாடிக்கு வெளியில நிண்டு நன்றி எண்டு கும்பிட்டுப்போட்டுப் போவினம்."

கொஞ்ச நேரம் பேசாமல் ஓட்டினார். அப்புறம் அவரே சொன்னார்: "ஒருநாள் பொலிஸ் வந்து அந்தப் பிள்ளையளை வரிசையாய் நிப்பாட்டிச் சோதிச்சது. நான் உள்ளுக்க இருந்து பாத்தனான். ஊரில நாலு பெடியள் சேந்து நிண்டால் ஆமி வரும். இங்கயுமோ எண்டு கை நடுங்கிப் போச்சு. பிறகுதான் விளங்கிச்சு, பாட்டுக் கேக்கப் போனதுக்கு எண்டு."

அந்தக் கோடையில், 1989 ஜூன் 24 இரவு, ஒயிட் வால்தம் விமானத்திடலில் சன்ரைஸ் என்ற அமைப்பு நடத்திய ரேவுக்கு வந்தவர்கள் 11,000 பேர். பத்திரிகைகள் கொதித்தன. எக்ஸ்டசி என்ற போதை மாத்திரை பற்றிய தலைப்பு வாராவாரம் வந்தது. அது பொய்யும் இல்லை; மாத்திரை எங்கும் இருந்தது, அதனால் செத்த பிள்ளைகளும் உண்டு, அதை மறைத்துவிட்டு இந்தக் கதையைச் சொல்வது நியாயமில்லை. கென்ட் போலீஸ் இதற்கென்றே தனிப் பிரிவு அமைத்தது. 1990இல் கிரஹாம் பிரைட் என்ற எம்பி கொண்டுவந்த மசோதா சட்டமாகி, உரிமம் இல்லாமல் நடத்தினால் 20,000 பவுண்டுவரை அபராதம், ஆறு மாதம்வரை சிறை என்றானது.

அண்ணன் வேலை பார்த்த நிலையத்துக்கும் போனோம். டெலிபோன் பெட்டி இல்லை. இருந்த இடத்தில் காருக்குக் காற்றடிக்கும் மெஷின்.

ஞாயிறு, மில்டன் கீன்ஸ் வழியாக பிளாக்பர்ன்

வடக்கே போகிற ரயில் பாதையில்தான் மில்டன் கீன்ஸ். ட்ரீம்ஸ்கேப் போன்ற பெரும் ரேவ்கள் நடந்த சாங்சுவரி அரங்கம் அங்கே இருந்தது, 2004இல் இடிக்கப்பட்டது. இப்போது அந்தப் பக்கம் ஐக்கியா கடையும் கார் நிறுத்தமும். பார்க்க எதுவும் இல்லை. அடுத்த ரயிலைப் பிடித்தேன்.

பிளாக்பர்ன் வேறு மாதிரி ஊர். செங்கல் ஆலைகள், மலைச்சரிவில் வரிசை வீடுகள், வானத்தில் ஒற்றைப் புகைபோக்கி. ஒருகாலத்தில் உலகத்துக்கே துணி நெய்த ஊர். அந்தத் துணி நம் நெசவாளர்கள் வயிற்றில் அடித்த கதை நமக்குத் தெரியும். 1931 செப்டம்பரில் காந்தி பக்கத்து டார்வெனுக்கே வந்து, அந்நியத் துணி பகிஷ்கரிப்பால் வேலை இழந்த ஆலைத் தொழிலாளர்களைச் சந்தித்தார். அறுபதுகளில் அதே ஆலைகளின் இரவு ஷிஃப்டுக்கு ஆள் போதாமல் குஜராத்திலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் ஆட்களை எடுத்தார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் நடத்தும் கடையில்தான் இன்று சாப்பிட்டேன்.

எண்பதுகளில் ஆலைகளும் கிடங்குகளும் வரிசையாகப் பூட்டப்பட்டன. வேலையில்லாத பிள்ளைகள், ஆளில்லாத கட்டடங்கள். 1989இலும் 90இலும் பூட்டை உடைத்து உள்ளே போய், ஜெனரேட்டரைப் போட்டு, விடிய விடிய ஆடினார்கள். மான்செஸ்டரில் ஹாசியெண்டா கிளப் இரவு இரண்டு மணிக்கு மூடும். அங்கிருந்தும் கார்கள் இங்கே வரும். செட் எண்ட் என்ற பப்புக்கு வெளியே கூடி, ஒரே அணிவகுப்பாகக் கிளம்புவார்களாம். முன்னால் போகிற காருக்கு மட்டும்தான் இடம் தெரியும்.

பப்பில் பேச்சுக் கொடுத்த ஒருவர், அப்போது பத்தொன்பது வயதாம், தன் அப்பா முப்பது வருடம் தறி ஓட்டிய கொட்டகையிலேயே ஒரு சனிக்கிழமை ஆடினதாகச் சொன்னார். அப்பாவிடம் அதைச் சொன்னீர்களா என்றேன். சொன்னேன், எந்த இடத்தில் ஆடினாய் என்று கேட்டார், தூணை அடையாளம் சொன்னேன், பதினான்காம் நம்பர் தறி என்றார்.

1990 தொடக்கத்தில் போலீஸ் நெருக்கடி கூடியதும் ஆட்டம் வேறு ஊர்களுக்கு நகர்ந்தது. அந்த ஜூலை 22 அன்று லீட்ஸ் பக்கத்தில் கில்டர்சம் கிடங்கில் நடந்த ரேவில் போலீஸ் புகுந்து 836 பேரைக் கைது செய்தது. ஒரே இரவில், நடனமாடியதற்காக 836 பேர். அந்த எண்ணைப் படித்தபோது பொய்யாக இருக்கும் என்று நினைத்து மறுபடி தேடிப் பார்த்தேன். உண்மைதான்.

செவ்வாய், காசில்மார்ட்டன்

கிரேட் மால்வர்ன் ஸ்டேஷனிலிருந்து டாக்சி. வழியில் லிட்டில் மால்வர்னில் இசையமைப்பாளர் எட்வர்ட் எல்கரின் கல்லறை இருக்கிறது. இறங்கிப் பார்த்தேன். தங்கள் மண்ணின் குரல் என்று ஆங்கிலேயர்கள் கொண்டாடுபவர். அங்கிருந்து சில நிமிடத்தில் வரும் மேய்ச்சல் வெளியில் ஒலித்ததும் இந்த மண்ணின் குரல்தான் என்று நான் நம்புகிறேன்.

காசில்மார்ட்டன் காமன் ஒரு பொது மேய்ச்சல் நிலம். வேலி கிடையாது. மேற்கே மால்வர்ன் மலைகள் சுவரைப் போல நிற்க, அடியில் சமவெளியாக விரிந்து கிடக்கிறது. ஆடுகள் மேய்ந்து மேய்ந்து புல் ஒட்டக் கத்தரித்த மாதிரி. முள்புதர்களில் மஞ்சள் பூ. சின்னக் குட்டை, ஓரமாக நாலைந்து வீடுகள். சவுண்ட் சிஸ்டம் இறக்கி வைக்க இதைவிட நல்ல இடம் அமையாது என்று பார்த்ததுமே தோன்றும். மலை அடைத்துக்கொள்வதால் ஒலி சமவெளிக்கே திரும்பி வரும்.

1992 மே. பிரிஸ்டல் பக்கம் வருடாவருடம் நடக்கும் ஏவன் இலவசத் திருவிழாவை அந்த முறை நடக்க விடுவதில்லை என்று போலீஸ் முடிவு செய்திருந்தது. வண்டிகளிலேயே வாழும் நாடோடிக் கூட்டத்தை ஒரு கவுண்டி (மாவட்டம்) போலீஸ் இன்னொரு கவுண்டிக்குத் தள்ளிவிட, 22ஆம் தேதி வெள்ளிக்கிழமை அவர்கள் இந்த வெளியில் வந்து நின்றார்கள். திங்கள் விடுமுறை என்பதால் நீண்ட வாரக்கடைசி. ஸ்பைரல் டிரைப், டிஐஒய், பெட்லம், சர்க்கஸ் வார்ப் என்று சவுண்ட் சிஸ்டங்கள் லாரியோடு வந்தன. தொலைக்காட்சிச் செய்தியில் காட்டினார்கள். அதைப் பார்த்தவர்களும் கிளம்பி வந்தார்கள். மொத்தம் 20,000 பேர் என்பவர்களும் உண்டு, 40,000 என்பவர்களும் உண்டு. டிக்கெட் கிடையாது, வாசல் கிடையாது. ஒரு வாரம் ஒலி நிற்கவில்லை. எம்25 ரேவ்களில் நடத்தினவர்கள் காசு பார்த்தார்கள். இங்கே யாரும் வாசலில் நின்று வசூலிக்கவில்லை. என் மனம் முழுக்க இவர்கள் பக்கம்தான்.

நாயோடு நடந்து வந்த மூதாட்டி ஒருவரிடம் பேசினேன். அப்போதும் இதே வீட்டில்தான் இருந்தாராம். அந்த வாரம் தூங்கவே இல்லை என்றார். ஜன்னல் கண்ணாடி இரவும் பகலும் அதிர்ந்தது, வந்தவர்களின் நாய்கள் ஆடுகளைத் துரத்தின, புதர் பக்கமெல்லாம் மலம், ஒருவர்கூட வந்து கதவைத் தட்டி மன்னிப்புக் கேட்கவில்லை. முப்பது வருடத்துக்கு மேலாகியும் அவர் குரலில் கோபம் ஆறவில்லை. அவர் சொன்ன ஒவ்வொன்றையும் நம்புகிறேன். அது நடந்திருக்கக் கூடாது.

ஆனால் அரசு அவருடைய தூக்கத்தைக் காரணம் காட்டிச் செய்தது வேறு. ஸ்பைரல் டிரைப் ஆட்கள் 13 பேர் மீது வழக்குப் போட்டது. நீண்ட விசாரணைக்குப் பின் அத்தனை பேரும் விடுதலை. 1994 நவம்பரில் குற்றவியல் நீதி மற்றும் பொது ஒழுங்குச் சட்டம் வந்தது. அதன் 63ஆம் பிரிவு, நூறு பேரோ அதற்கு மேலோ திறந்த வெளியில் கூடி, இரவில் ஒலிபெருக்கியில் இசை போட்டு அக்கம்பக்கத்தாருக்குப் பெரும் தொந்தரவு தந்தால் கலைக்கலாம் என்றது. இசை என்றால் எது என்றும் சொல்கிறது: திரும்பத் திரும்ப வரும் தாள அடிகளை முழுமையாகவோ பெரும்பாலுமாகவோ கொண்ட ஒலிகளும் அதில் அடங்கும். 65ஆம் பிரிவின்படி, நடக்கும் இடத்திலிருந்து ஐந்து மைல் தூரத்திலேயே போலீஸ் வண்டியை நிறுத்தித் திருப்பி அனுப்பலாம். ஒரு நாடாளுமன்றம் தாளத்தைச் சட்டப் புத்தகத்தில் எழுதிவைத்தது என் மனதை விட்டுப் போகவில்லை. ஆட்டெக்கர் என்ற இசை இரட்டையர் அதற்குப் பதிலடியாக அந்த வருடமே ஒரு இசைத்தட்டு வெளியிட்டார்கள். அதில் 'ஃப்ளட்டர்' என்ற துண்டில் எந்தச் சுற்றும் இன்னொரு சுற்றைப் போல இருக்காது. அதை வாசிக்கும் டிஜேக்கள் பக்கத்தில் ஒரு வக்கீலையும் இசை அறிஞரையும் வைத்துக்கொள்ளும்படி உறையில் அச்சடித்திருந்தார்கள்.

அதே சட்டம் நாடோடிகள் அனுமதியில்லாமல் வண்டி நிறுத்தி, போகச் சொல்லியும் போகாமல் இருப்பதைக் குற்றமாக்கியது, வெற்று வீடுகளில் குடியேறியவர்களை வெளியேற்றுவதை எளிதாக்கியது, நரிவேட்டையை எதிர்த்தவர்களைத் தடுத்தது, கைதானவர் வாய் திறக்காமல் இருக்கும் உரிமையையும் குறைத்தது. ரேவைக் காட்டிப் பயமுறுத்தி, எல்லோர் மீதும் வலை வீசினார்கள். லண்டனில் அந்த வருடம் மூன்று பெரிய ஊர்வலங்கள் நடந்தும் பலனில்லை. 2003இல் வந்த திருத்தம் நூறு பேரை இருபது ஆக்கியது. ஸ்பைரல் டிரைப் ஐரோப்பாவுக்குப் போய்ச் சேர்ந்தது. பிரான்சிலும் செக் நாட்டிலும் டெக்னிவல் என்ற இலவச ரேவ் திருவிழாக்களாக வளர்ந்ததெல்லாம் அதன் வழி வந்தவை.

சனி இரவு, பிரிஸ்டல்

ரயில் பாலத்துக்கு அடியில் வளைவுக் கூடம். உரிமம் வாங்கிய நிகழ்ச்சி. 1991, 92 தட்டுகள் மட்டும். வாசலிலேயே காதடைப்பான் கொடுத்தார்கள். வாங்கிக்கொள்ளுங்கள், இந்த ஒலியில் ஒரு இரவு நின்றால் செவி போய்விடும்.

இடதுபக்கச் சுவர் முழுக்கப் பெட்டிகள். ஒட்டுப்பலகை, கறுப்புப் பெயிண்ட், மூலைகளில் இரும்புப் பட்டை. ஒன்றின் மேல் கை வைத்தேன். பேஸ் விழும்போதெல்லாம் மணிக்கட்டு எலும்புவரை ஏறியது. இரண்டடி தள்ளி நின்றால் சட்டை தானாக உதறுகிறது. ஹெட்போனில் நான் கேட்டுவந்ததில் பாதிதான் இசை, மீதி இந்தக் காற்று என்று அப்போதுதான் உடம்புக்குப் புரிந்தது. வெள்ளைக் கையுறை போட்ட ஐம்பது வயதுக்காரர்கள், அவர்களின் பிள்ளைகள், விசில், ஊதல். கோல்மனின் டிரம்ஸ் வெட்டுப்பட்டு இறங்கியபோது கூடமே கத்தியது. டிஜே தட்டைப் பின்னுக்கு இழுத்து மறுபடி முதலிலிருந்து போட்டார். இரண்டாவது முறை நானும் கத்தினேன். யாரும் யாரையும் பார்த்து ஆடவில்லை. எல்லோரும் பெட்டியைப் பார்த்து ஆடினார்கள்.

பெட்டிகளின் சொந்தக்காரர் இருபத்தைந்து வயதுப் பையன், காசில்மார்ட்டன் நடந்தபோது பிறந்திருக்கவில்லை. தச்சு வேலை தெரிந்தவன். எல்லாப் பெட்டியும் அவன் கையால் செய்தது. ஆறு மணிக்கு விளக்கைப் போட்டதும் வேனில் ஏற்ற ஆரம்பித்தான். நானும் ஒரு பக்கம் பிடித்தேன், கனம் தோளை அழுத்தியது. உரிமம் வாங்கி நடத்தும் இரவுகளில் கிடைக்கும் காசில்தான், காசு வாங்காமல் வெளியில் நடத்தும் இரவுகளுக்கு டீசல் போடுகிறானாம். போலீஸ் போன வருடம் ஒரு தொகுதியைப் பறிமுதல் செய்தது, இது புதிதாகச் செய்தது என்று வேனைத் தட்டிக் காட்டினான்.

அடுத்தது எப்போது என்று கேட்டேன். இன்று இரவே என்றான். எங்கே என்றதற்கு, என் போன் எண்ணை வாங்கிக்கொண்டு, பதினொரு மணிக்கு மேல் மெசேஜ் வரும், பெட்ரோலை மட்டும் முன்னாடியே நிரப்பி வைத்துக்கொள்ளுங்கள் என்றான்.